மாமா கடை ஃப்ரிட்ஜும் வெள்ளிக்கிழமை விலையும்

மகனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்று, நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தபோது டவுணில் உன் மாமா கடையில் நீ எடுத்தது. உன் கல்யாணச் சீருக்கென்று அவர் காட்டிய ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு. இன்னொன்று நீ போனில் தேடிப் பிடித்தது. அதே நிறம், அதே உயரம், விலை மட்டும் பாதிக்கும் கீழே. "அப்பா, மாமாகிட்ட பக்குவமா பேசி ஃப்ரிட்ஜுக்குப் பதிலா பணமா வாங்கிருங்க. கோயம்புத்தூருக்கு லாரி வாடகையும் மிச்சம். சேல் வெள்ளிக்கிழமையோட முடியுது" என்று எழுதியிருந்தாய். இதற்குப் போனில் நாலு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு நாலு வார்த்தை போதவில்லை. தபாலில் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால், எழுதி முடித்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

உன் செய்தியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. உன் மாமாவும் நானும் "வாங்க", "போயிட்டு வாங்க" என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். உன் தாத்தா, என் அப்பா, இறந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அது ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிற்றுக்கிழமை. சாவு வீட்டுக்கு மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வர வேண்டும் என்பது நம் வழக்கம். உன் அம்மாவுக்கு அப்போதே அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவள் பிறந்த சீவலப்பேரி வீட்டையும் விற்றாகிவிட்டது. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது இந்த ஒரு தம்பிதான். காலையிலேயே சொல்லி அனுப்பியும் அவர் வரவில்லை. கடையில் கூட்டம். மற்ற சம்பந்தி வீட்டார் எல்லாரும் கோடி போட்டு முடித்தார்கள். உன் அம்மா தெருவைப் பார்த்தபடி நின்றாள். கூட்டத்தில் ஒருத்தி, பக்கத்திலிருந்தவளிடம் பேசுவதுபோல எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தம்பிக்கு இன்னைக்குத் தள்ளுபடில்லா? பொழுது சாயட்டும், கோடியும் பாதி வெலைக்கு வரும்." சில பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தார்கள். அப்பாவை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் உன் மாமா வந்து இறங்கினார், கையில் ஜவுளிக்கடைப் பையோடு. காரணம் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டிலோ கடையிலோ நான் கை நனைத்ததில்லை.

உன் அம்மா அதை ஒரு மாதத்தில் மறந்துவிட்டாள், அல்லது மறந்ததுபோல இருந்துவிட்டாள். எனக்கு மறக்க வராது. கல்லூரியில் என்னைத் தாண்டித் துறைத்தலைவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தவனின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. உன் அம்மா இதை வியாதி என்பாள். நான் ஞாபகசக்தி என்பேன். ஆகவே உன் செய்தி வந்தபோது, இத்தனை வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியத்தை யாரோ எழுதிக் கையில் கொடுத்ததுபோல இருந்தது. 'உன் சீர் வேண்டாமாம், உன் விலை சரியில்லையாம், பணமாகக் கொடுத்துவிடு என்கிறான் உன் மருமகன்.' இதை அவர் கடையில், அவருடைய வாடிக்கையாளர்கள் நடுவில் வைத்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் நான் பொருளியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். ஆதாரமில்லாமல் போகக் கூடாது என்று நினைத்தேன். உன் மாமா கொள்ளை லாபம் வைக்கிறார் என்பதை ஒரு ஓட்டை இல்லாமல் நிரூபித்துவிட்டுப் போக வேண்டும். கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனும் கையுமாக உட்கார்ந்தேன். நீ அனுப்பிய பக்கத்தில் ஆரம்பித்தேன். அடித்துப் போட்டிருந்த பழைய விலை எனக்கு முதலில் உறுத்தியது. அந்த விலைக்கு அந்தப் பெட்டியை யாராவது, எங்காவது, எப்போதாவது விற்றிருக்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் விற்கவில்லை. பழைய விலைகளைக் காட்டுகிற ஒரு தளத்தில் பார்த்தால், சேலுக்கு முன்பும் ஏறக்குறைய இதே விலைக்குத்தான் கிடந்திருக்கிறது. சேல் ஆரம்பித்த அன்று மேலே ஒரு பெரிய எண்ணை எழுதி அதன் மேல் கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் ரத வீதியில் ஆடி மாதம் செய்வதை இவர்கள் மாதாமாதம் செய்கிறார்கள். அந்தக் குறைந்த விலையும் முழு உண்மையில்லை. ஒரு குறிப்பிட்ட வங்கியின் அட்டை இருந்தால் கிடைக்கும் கழிவு அதில் சேர்ந்திருந்தது. பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்தால் கிடைக்கும் தொகையும் சேர்ந்திருந்தது. நீ புதுக்குடித்தனம் வைக்கப் போகிறவன். உன்னிடம் இல்லாத பழைய ஃப்ரிட்ஜின் விலையையும் கழித்துத்தான் உனக்கு அந்த எண்ணைக் காட்டியிருக்கிறார்கள்.

பிறகு மாடல் எண்ணைப் பார்த்தேன். நீ எடுத்த படத்தில் இருந்ததும் போனில் இருந்ததும் கடைசி இரண்டு எழுத்து வரைக்கும் ஒன்றுதான். கடைசி இரண்டு எழுத்து வேறு. அந்த இரண்டு எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மாமா கடையில் உள்ளதில் தட்டுகள் கண்ணாடி, இதில் கம்பி. அதில் உள்ள கம்ப்ரசர் ஒரு வகை, இதில் பழைய வகை. மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டுகிற நட்சத்திரச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நட்சத்திரங்கள் சமம்தான். ஆனால் இதன் சீட்டில் போட்டிருந்த காலம் எப்போதோ முடிந்திருந்தது. அளவுகோலை அடிக்கடி இறுக்குகிறார்கள் என்பதால், அன்றைக்கு மூன்று நட்சத்திரம் வாங்கிய பெட்டி இன்றைக்கு வைத்தால் மூன்று வாங்காது. நான் வாங்கிய பட்டத்துக்கும் அதே கதிதான். விற்பவர் யார் என்று பார்த்தேன். தயாரித்த கம்பெனி இல்லை. கேள்விப்படாத ஒரு பெயர். அதே பெயரில் குழந்தைகளுக்கான தலையணையும் செருப்பும் தலைமுடி எண்ணெயும் விற்கிறார்கள். வாரண்டி பற்றிக் கேட்டு எழுதினேன், 'விற்பவரின் நிபந்தனைக்கு உட்பட்டது' என்று பதில் வந்தது. வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தேன். புகழ்ந்தவர்கள் எல்லாரும் பெட்டி வந்து இறங்கிய அன்றே புகழ்ந்திருந்தார்கள். மணவறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை நல்லவன் என்று சொல்வதற்கு அது சமம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் எழுதியவர்கள் சிலர்தான். ஒருவர் எழுதியிருந்தார், கீழே தண்ணீர் தேங்குகிறது, கூப்பிட்டால் வேறொரு எண்ணைக் கொடுக்கிறார்கள், அந்த எண் ஒலித்துக்கொண்டே இருக்கிறது என்று.

அந்த ஒலி எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது. இரண்டு தீபாவளிக்கு முன்னால், பெருந்தள்ளுபடியில் கிடைத்தது என்று உன் அம்மாவுக்கு ஒரு மிக்சி வாங்கி அனுப்பினாயே, அது கார்த்திகை வரைகூட ஓடவில்லை. ஒரு நாள் உளுந்து போட்டு ஓட்டியபோது புகைந்து நின்றது. அதன் பெட்டியில் போட்டிருந்த எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தேன். உன் அம்மா அதைத் துடைத்து, வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, பரணில் ஏற்றிவிட்டாள். அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்து "அம்மா, மிக்சி எப்படி ஓடுது?" என்று கேட்டாய். "நல்லா ஓடுதுய்யா, சத்தமே தெரியல" என்றாள். சத்தம் எப்படித் தெரியும், அது பரணில் கிடந்தது. அடுத்த நாள் எனக்குத் தெரியாமல் டவுணுக்குப் போய்த் தம்பி கடையில் ஒரு மிக்சி வாங்கிவந்தாள். எனக்குத் தெரியாமல் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதன் அடியில் அவர் கடைப் பெயர் ஒட்டியிருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை என்பதுபோல, அதில் அரைத்த சட்னியைத்தான் தினமும் சாப்பிடுகிறேன்.

இத்தனையும் கண்டுபிடித்த பிறகு எனக்குக் கோபம்தான் வந்தது. நான் உன் மாமாவைத் திருடன் என்று நிரூபிக்க உட்கார்ந்தேன். அவர் திருடனாக இல்லை. அதற்காக அவரைத் தர்மவான் என்றும் நினைத்துவிடாதே. தேவையில்லாதவர்கள் தலையில் ஸ்டெபிலைசரைக் கட்டி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். நான் விடவில்லை. கடைசி எழுத்து வரை அவர் கடைப் பெட்டியே உள்ள மாடலைத் தேடி எடுத்தேன், கம்பெனியின் சொந்த விற்பனையில். வங்கிக் கழிவெல்லாம் இல்லாமல் பார்த்தால் அவர் சீட்டில் போட்டிருந்ததைவிடக் கொஞ்சம் குறைவு. பாதி இல்லை, கால்கூட இல்லை. கொஞ்சம். அது எனக்குப் போதும் என்று பட்டது. நான் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டையை மாட்டும்போது, உன் அம்மா அடுப்படியில் நின்று கல்லிடைக்குறிச்சிக்குப் பேசிக்கொண்டிருந்தாள், உன் வருங்கால மாமியாரிடம். "என் தம்பிதான் ஃப்ரிட்ஜு வைக்கான். மண்டபத்துக்கு வேன்ல ஏத்தி மேளத்தோடதான் கொண்டாருவேன்னு நிக்கான். நான் எல்லாம் பையச் செஞ்சாப் போதும்லேன்னா கேக்கானா?" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டு வெகு நாளாகிறது. கேட்டும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டும்போது, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடையில் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு நின்றார். "அண்ணாச்சி, இதுல கம்மியால்லா கெடக்கு?"

"கெடக்கட்டும் வே. நாளைக்குத் தண்ணி ஒழுகுனா யாரக் கூப்புடுவீரு?" என்றார் உன் மாமா.

"உங்களத்தான்."

"அதான பாத்தேன். வாங்குதது அங்கன, கூப்புடுதது இங்கனயா? நல்லாருக்கு வே உம்ம நியாயம்!"

அவரும் சிரித்தார், வந்தவரும் சிரித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க அத்தான். என்ன, வழி தப்பி வந்துட்டியளா? அக்கா வரலியா?" என்றார்.

"இல்ல."

"டீ சொல்லுதேன்."

"வேண்டாம்."

"வேண்டாம்னுதான் சொல்லுவிய. நான் சொல்லிருதேன். குடிக்கதும் குடிக்காததும் உங்க இஷ்டம்."

நான் சட்டைப்பையில் கையை விட்டுப் போனைத் தொட்டேன். அவர் அதற்குள் "இங்கன வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று பின்கட்டுக்கு நடந்துவிட்டார். அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் எதையோ ஒரு புது வேட்டியால் போர்த்தி நிறுத்தி வைத்திருந்தார். வேட்டியை விலக்கினார். நீ படம் எடுத்த அதே ஃப்ரிட்ஜ். உன் படத்தில் விலைச்சீட்டு இருந்த இடத்தில் சீட்டு இல்லை. நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார், பசையின் வெள்ளைத் தடம் மட்டும் சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்துக்குள் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. சீர்ப் பொருளில் விலை இருக்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். சேலையானாலும் குத்துவிளக்கானாலும் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார்கள். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே அவர் சுரண்டி வைத்துவிட்டார்.

"பய அன்னைக்கு வெலையப் போட்டோ எடுத்தத நானும் பாத்தேன் அத்தான்" என்றார், என்னைப் பார்க்காமல், கதவைத் துடைத்தபடி. "எடுக்கத்தான் செய்வான். இப்பத்த பிள்ளைய வெலை பாக்காம பச்சத்தண்ணிகூடக் குடிக்காது. அவன் போன பெறவு நானும் போன்ல வெலைய எடுத்துப் பாத்தேன். கம்பெனிக்காரன் எனக்கே அந்த வெலைக்குத் தரல. அதான் சீட்டக் கிழிச்சிட்டேன். இனிம இதுக்கு வெலை கெடையாது." பிறகு கேட்டார், "அவன் ஏதும் சொன்னானா அத்தான்?"

நான் சொல்ல வந்த வாக்கியம் முழுதாக என் வாயில் இருந்தது. சொன்னால் அவர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்துக் கொடுத்திருப்பார். அதைவிட அதிகமாகவே கொடுத்திருப்பார். ஆனால் பிறகு மண்டபத்துக்கு வந்திருக்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும், ரோஷத்தில் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை. கவரில் பணம் வைத்துக் கொடுக்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதற்குத் தாய்மாமன் எதற்கு என்று நினைத்திருப்பார். அது நியாயமும்கூட. அன்றைக்கு உன் அம்மா உன் கல்யாண மண்டபத்து வாசலில், எல்லார் வீட்டுச் சீரும் உள்ளே போவதைப் பார்த்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளை ஒரு தடவை அப்படி நிற்க வைத்தவர் அவர். இத்தனை வருடமாக நான் அவரை மன்னிக்காதது அதற்காகத்தான். இரண்டாவது தடவை நிற்க வைப்பதற்கு நான் பஸ் ஏறி வந்திருந்தேன், சட்டைப்பையில் ஆதாரத்தோடு.

"ஒண்ணும் சொல்லல. பெட்டி எப்ப ஏறுதுன்னு கேக்கச் சொன்னான்" என்றேன்.

உன் மாமா ஃப்ரிட்ஜின் மறுபக்கத்துக்குப் போய் வேட்டியை இழுத்து மூடினார். மூடியிருந்ததையே மறுபடியும் இழுத்துவிட்டார். "மண்டபத்துல வச்சு எடுத்துட்டு, அங்கனயே லாரியில ஏத்திருவோம்னு சொல்லுங்க" என்றார். பிறகு, "இல்ல, நீங்க சொல்லாண்டாம். அவன எனக்குப் போன் போடச் சொல்லுங்க அத்தான். அவன் வாயால கேக்கட்டும்" என்றார்.

வெளியே வந்தபோது மேசையில் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. நான் குடிக்கவில்லை. குடித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் குடிக்கவில்லை. என் அப்பாவின் மேல் அந்த வீட்டுக் கோடி விழவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது, நான் இருக்கும்வரை இருக்கும். அதை உனக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிற எண்ணம் எனக்கில்லை. கல்யாணம் முடிந்ததும் உங்கள் இருவரையும் அவர் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுவார். போ. அவளையும் அழைத்துக்கொண்டு போய், போடுவதையெல்லாம் சாப்பிடு. நான் வரமாட்டேன், யாரும் கேட்டால் எனக்குக் கல்லூரி இருக்கிறது என்று சொல்.

டிவியும் வாஷிங் மெஷினும் நீ வாங்க வேண்டியவை. எங்கே குறைவோ அங்கே வாங்கு, அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. விலையை ஒப்பிடாமல் வாங்குகிறவனை நான் வகுப்பில் முட்டாள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஒப்பிடும்போது முழுதாக ஒப்பிடு. கடைசி எழுத்து வரை ஒரே மாடல்தானா, விற்பவன் யார், கோடு போட்ட விலை எங்கிருந்து வந்தது, கெட்டுப்போனால் கோயம்புத்தூரில் உன் வீட்டுப் படியேறி வந்து பின்மூடியைக் கழற்றப் போகிறவன் யார் என்பதையும் பார். பாதிக்குப் பாதி என்று ஒருவன் முன்பின் தெரியாத உனக்குக் கொடுக்கிறான் என்றால், மீதிப் பாதியை எதில் பிடித்தான் என்று கேள். கடிகாரத்தை ஓடவிட்டு உன்னை அவசரப்படுத்துகிறவனிடம் அவசரமாக எதுவும் வாங்காதே. பெண் பார்க்கப் போன இடத்தில் 'யோசித்துச் சொல்கிறேன்' என்றவன் நீ. ஒரு இயந்திரம் வாங்கவும் அந்த யோசனை வேண்டும்.

ஃப்ரிட்ஜ் மட்டும் அதில் சேராது. நீ போனில் எடுத்து வைத்திருக்கும் அந்தப் பெட்டியின் படத்தை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அழித்துவிடு. மாமாவின் விலைச்சீட்டுப் படத்தையும் அழித்துவிடு, இனி அது உண்மையில்லை. பிறகு அவரைக் கூப்பிடு. நான் கடைக்குப் போனதை அம்மாவிடம் சொல்லாதே. மாமாவிடம் விலையைப் பற்றிப் பேசாதே, லாரி வாடகையைப் பற்றிப் பேசாதே, நன்றியும் நீளமாகச் சொல்லாதே. "மாமா, பெட்டி எப்ப ஏறுது?" என்று மட்டும் கேள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். போனை வைத்துவிடாமல் காத்திரு.

அப்பா